அலை பாடும் ஊரில் ஒரு நாள்



கடிதம் எதில் எழுதுவார்கள்? காகிதத்தில். அந்தக் காலத்தில்? பனை ஓலையில். சரி, தங்கத் தகட்டில் எழுதிய கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அப்படி ஒன்று இருக்கிறது. எழுதி அனுப்பியவர் நம் தஞ்சாவூரை ஆண்ட இரகுநாத நாயக்கர். ஆண்டு 1620. யாருக்கு அனுப்பினார்? எங்கோ வடக்கு ஐரோப்பாவில், பனி கொட்டும் டென்மார்க் நாட்டின் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு. கடிதம் என்ன மொழியில் தெரியுமா? நம் தமிழில்! 400 ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்தத் தங்கக் கடிதம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தஞ்சாவூருக்கும் டென்மார்க்குக்கும் என்ன உறவு? அதைத் தெரிந்துகொள்ள டென்மார்க் போக வேண்டாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்குப் போனால் போதும். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஊரும் சிறியது, நடந்தே சுற்றலாம்.

ஒரு நிபந்தனை. அங்கே எதைப் பார்த்தாலும் மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இது இத்தனை நாள் அழியாமல் இருக்கிறதே, காப்பாற்றியது யார்?" இந்தக் கேள்வியோடு நடந்தால் தரங்கம்பாடி உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.

கடைமடை வழியே...

தஞ்சாவூரில் காலையில் ரயில் ஏறினால் கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டினால் தரங்கம்பாடி. ஜன்னல் ஓரம் உட்காருங்கள். தை மாதமானால் இருபுறமும் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். மேட்டூரில் திறந்துவிடும் காவிரித் தண்ணீர் கிளை ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து பிரிந்து, கடைசியாக வந்து சேரும் பகுதி இது. இதைத்தான் 'கடைமடை' என்பார்கள். அதற்கு அப்பால் கடல்தான்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. 1926-ல் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் பாதை 1986-ல் நிறுத்தப்பட்டது. இப்போது பஸ்தான்.

'தரங்கம்' என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று இந்தப் பெயருக்கு அழகாகப் பொருள் சொல்வார்கள். கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் பெயர்கள் உண்டு. டென்மார்க்காரர்களின் நாக்கில் தரங்கம்பாடி புரளவில்லை. 'டிராங்கிபார்' என்று ஆக்கிவிட்டார்கள்!

வாசலுக்குள் நுழைவோம்

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு நுழைவாயில். நெற்றியில் டென்மார்க் அரசரின் முத்திரை. இப்போது நாம் பார்க்கும் வாசல் 1792-ல் கட்டப்பட்டது. அந்த நாளில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது. ஊருக்குள் வர வேண்டுமானால் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

வாசலைத் தாண்டினால் நேராகக் கடலை நோக்கிப் போகிறது கிங் தெரு, அதாவது அரசர் தெரு. அதன் இருபுறமும் இருப்பவற்றைத் திரும்பி வரும்போது நிதானமாகப் பார்ப்போம். வெயில் ஏறுவதற்கு முன் கோட்டைக்குப் போய்விடலாம், வாருங்கள்.

மிளகுக்காக வந்த கப்பல்கள்

கடலைப் பார்த்தபடி நிற்கும் இந்தக் கோட்டைக்கு 'டான்ஸ்போர்க்' என்று பெயர். டென்மார்க்கின் கோட்டை என்று பொருள். உள்ளூரில் கேட்டால் 'டேனிஷ் கோட்டை' என்று வழி காட்டுவார்கள்.

1616-ல் டென்மார்க்கில் ஒரு வணிகக் கம்பெனி தொடங்கினார்கள். ஆசியாவிலிருந்து மிளகும் துணியும் வாங்கிப் போய் ஐரோப்பாவில் விற்க வேண்டும் என்பது திட்டம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் மிளகுக்கு அப்போது ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி!

1618-ல் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவே ஜெட்டே என்ற இளைஞர். ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி, இலங்கையை வந்து அடையவே ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. வழியில் நோயால் பலர் இறந்துபோனார்கள்.

அதற்கு முன்பே ரோலண்ட் கிராப்பே என்பவர் ஒரு கப்பலில் வந்திருந்தார். காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர்கள் அவருடைய கப்பலைத் தாக்கி அழித்துவிட்டார்கள். உயிர் தப்பிய அவர் தஞ்சாவூர் அரண்மனையில் தஞ்சம் அடைந்தார். அவர் மூலமாகத்தான் பேச்சு தொடங்கியது. ஓவே ஜெட்டேயும் தஞ்சாவூருக்கு வந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளலாம், வணிகம் செய்யலாம். ஆண்டுக்கு 3,111 ரூபாய் தஞ்சாவூருக்குக் கட்ட வேண்டும். அப்போது ஓவே ஜெட்டேக்கு வயது 25தான்!

கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். கீழே வளைந்த கூரையுடன் கிடங்குகள், சமையலறை, சிறை அறைகள். மேலே தளபதியும் மற்றவர்களும் இருந்த அறைகள். கோட்டைச் சுவரில் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. உள்ளே தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், வாள்கள், பழைய ஆவணங்கள், நாணயங்கள் எல்லாம் உண்டு. டென்மார்க்காரர்கள் இங்கேயே நாணயம் அடித்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'காஸ்'. ஆமாம், நம்முடைய 'காசு'தான்!

தனியாக நின்ற ஒருவர்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தக் கோட்டையைக் காப்பாற்றியது யார்?

கம்பெனிக்குப் பெரிய லாபம் வரவில்லை. டென்மார்க்கில் போர் வேறு. கப்பல்கள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. 29 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை! இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655-ல் கோட்டையில் மிஞ்சிய டென்மார்க்காரர் ஒரே ஒருவர். பெயர் எஸ்கில் ஆண்டர்சன். பெரிய குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. எழுதப் படிக்கவும் தெரியாதவர்.

அவர் கோட்டையை விட்டுப் போகவில்லை. இங்கிருந்த மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொடியை இறக்காமல் நின்றார். கப்பம் கட்டவில்லை என்று தஞ்சாவூர்ப் படை முற்றுகையிட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவர்தான். 1669-ல் ஒருவழியாக டென்மார்க் கப்பல் வந்தது. 'எல்லாம் போயிருக்கும்' என்று எண்ணி வந்தவர்கள் தங்கள் கொடி பறப்பதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் குழந்தைகளே, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மதில் கட்டவும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அவருக்குப் பணம் எப்படிக் கிடைத்தது? வங்கக் கடலில் போன பிறருடைய கப்பல்களைப் பிடித்து, அவற்றிலிருந்த சரக்கை விற்றார். அவருடைய உறுதி பெரியது. அவர் செய்த எல்லாமே சரியா? கோட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.

மணலில் 'அ' எழுதிய மாணவர்

கோட்டையிலிருந்து திரும்பிக் கிங் தெருவில் நடப்போம். இங்கே இரண்டு பழைய தேவாலயங்கள் உள்ளன. 1701-ல் டென்மார்க்காரர்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம் ஒன்று. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று. இந்த இரண்டாவது ஆலயத்தைக் கட்டியவரின் கல்லறை அதற்குள்ளேயே இருக்கிறது. அவர் பெயர் சீகன்பால்கு.

சீகன்பால்கு ஜெர்மனியில் பிறந்தவர். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதற்காக டென்மார்க் அரசர் அவரையும் புளுட்சௌ என்பவரையும் அனுப்பினார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24-வது பிறந்தநாள். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

என்ன செய்தார் தெரியுமா? வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி விரலால் 'அ', 'ஆ' என்று எழுதிப் பழகினார். எதிர்வரிசையில் இருந்த வாண்டுகள் எப்படிச் சிரித்திருப்பார்கள்! பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற தமிழர் அவருக்குச் சொற்களும் பேச்சும் கற்பிக்க உதவினார். இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்கு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் படிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். 1708-ல் தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் 119 நூல்கள்!

இடையில் கோட்டைத் தளபதியோடு மோதல் வந்தது. நான்கு மாதம் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டார்.

வழி தவறிய அச்சு இயந்திரம்

ஓலையில் எழுதினால் ஒரு நேரத்தில் ஒரு பிரதிதான் கிடைக்கும். நிறையப் பேர் படிக்க வேண்டுமானால் அச்சடிக்க வேண்டும். தமிழ் நாட்டுக்கு முற்றிலும் புதியதல்ல அச்சு. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் ஒரு நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அந்த முயற்சிகள் தொடராமல் நின்றுபோயிருந்தன.

இங்கிலாந்திலிருந்து ஒரு சங்கத்தார் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். கப்பல் தென் அமெரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. பணம் கொடுத்து மீட்டார்கள். கூடவே வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே நோயால் இறந்தார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை! நல்லவேளையாக, இங்கிருந்த டேனிஷ் படைவீரர்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கடல் கடந்து வர வேண்டும். எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்களாம்! பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். 1714-ல் தொடங்கி 1715-க்குள் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

இன்னும் இரண்டு செய்திகள். 1707-லேயே இங்கு பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1716-ல் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று ஒரு பள்ளியும் வந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன் என்பதால், எனக்கு இந்தக் கோட்டையை விட அந்தப் பள்ளிதான் பெரியதாகத் தெரிகிறது. சீகன்பால்கு 1719-ல், 36 வயதில் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே அச்சு இயந்திரத்தையும் பார்க்கலாம்.

கறிவேப்பிலைக்குள் ஒரு பெயர்

மதியச் சாப்பாட்டில் கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அதன் அறிவியல் பெயரில் 'கோனிகி' என்று ஒரு சொல் உண்டு. அது ஜொஹான் கோனிக் என்ற தாவர அறிஞரின் பெயர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் இருக்கிறாரே, அவருடைய மாணவர். 1768-ல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியச் செடி கொடிகளைத் தேடி அலைந்து பதிவு செய்தார். அவர் நினைவு இன்றும் நம் ரசத்தில் மிதக்கிறது.

கடல் கேட்கும் பங்கு

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு வாருங்கள். கோட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில், அலைக்கு மிக அருகில் மாசிலாமணி நாதர் கோயில். மாசு இல்லாத மணி, எவ்வளவு அழகான பெயர்! மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. டென்மார்க்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கோயில் இங்கே இருந்தது. ஆனால் முழுக் கோயிலையும் நாம் பார்க்க முடியாது. முன்பகுதிகளைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காக்கப் பாறைகளைக் கொட்டி அரண் அமைத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அப்போது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்புகளிலும் பெரிய உயிர்ச்சேதம். நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. உங்கள் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும். ஒன்றை மறக்காதீர்கள். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. உடனே மேட்டை நோக்கி ஓட வேண்டும். மற்றவர்களையும் கூப்பிட வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு ஊர் மறுபடி எழுந்தது. மீனவர்கள் படகுகளைக் கடலில் இறக்கினார்கள். பழைய வீடுகள் பலவற்றைப் பழைய முறையிலேயே பழுது பார்த்தார்கள். கொத்தனார்கள் சிமென்டை விட்டுச் சுண்ணாம்புச் சாந்தையே பூசினார்கள். ஏன்? பழைய செங்கல் சுவருக்குள் ஈரமும் உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிரச் செய்யும். இது அந்தக் கொத்தனார்களின் கைகளுக்குத் தெரிந்த பாடம்.

விற்றுப்போன ஊர்

1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூர் முதலிய இடங்களையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அந்தப் பக்கம் போனது. தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. பெரிய கட்டடங்கள் எழவில்லை. அதனால் பழைய கட்டடங்களை இடிக்க வேண்டியும் வரவில்லை. ஊர் வளராமல் போனதே அதன் பழைமையைக் காப்பாற்றிய வேடிக்கையைப் பார்த்தீர்களா?

இப்போது நம் கேள்விக்கு எத்தனை விடைகள் கிடைத்துள்ளன, எண்ணிப் பாருங்கள். தங்கக் கடிதத்தை ஒரு காப்பகம் காத்தது. கோட்டையை ஒரு மனிதரின் பிடிவாதம் காத்தது. நூல்களின் பெயர்களை ஒரு பட்டியல் காத்தது. சுவர்களைக் கொத்தனாரின் சுண்ணாம்பு காக்கிறது. கோயிலைப் பாறைகள் காக்கின்றன. ஆனால் கடல் இன்னும் அலையடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மிச்சம் இருப்பதைக் காக்கும் முறை அடுத்து உங்களுடையது.

கோட்டைச் சுவரில் பெயரைக் கீறுவதும், கரையில் பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டு வருவதும் கடலுக்கு உதவி செய்வது போலத்தான். நாம் அந்தப் பக்கம் வேண்டாமே!

போகும் முன்...

* தொப்பி, குடிநீர், சிறு நோட்டுப் புத்தகம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் குறைவு.

* அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். பெரியவர்கள் உடன் இருந்தாலும் பாறைகள் மீது ஏற வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. ஒரு தட்டில் மணல் பரப்பி, இதுவரை உங்களுக்குத் தெரியாத ஒரு மொழியின் ஐந்து எழுத்துகளை விரலால் எழுதிப் பழகுங்கள். சீகன்பால்குவின் பாடு புரியும்!

2. உலக வரைபடத்தில் கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடி வரை, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோடு போடுங்கள்.

3. உங்கள் ஊரில் மிகப் பழைய பொருள் எது? கோயிலோ, குளமோ, பள்ளிக்கூட மணியோ, எதுவானாலும் சரி. அதைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு, தேதி போட்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இந்த வாரமே எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.